ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவர உடலியல் அறிஞரும் ஆவார். தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்தவராகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் நுண்ணலை அலைவாங்கிகளின் முன்னோடி என்பதே இவரது முதற் புகழாகும்.

வாழ்க்கை

1880 இல் மருத்துவம் பயில இலண்டன் சென்ற போஸ், உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் கற்றார். இராலே பிரபு இவரது ஆசிரியர்களுள் ஒருவர். 1885 இல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். ஐரோப்பியரை விடக் குறைந்த ஊதியம் இந்தியருக்கு வழங்கப்பட்டதை எதிர்த்து, மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலே பணியாற்றினார். பின்னர் முழு ஊதியமும் நிலுவையுடன் வழங்கப்பட்டது. 1887 இல் இவர் மணந்த அபலா, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

நுண்ணலை ஆய்வுகள்

மின்காந்த அலைகளை 1888 இல் மெய்ப்பித்த ஹெர்ட்ஸ், பல பத்து சென்டிமீட்டர் நீள அலைகளைக் கையாண்டார். அவற்றுக்குப் பெரிய கருவிகள் தேவைப்பட்டன. போஸ் அலைநீளத்தை 25 முதல் 5 மில்லிமீட்டர் வரை (ஏறத்தாழ 12 முதல் 60 கிகாஹெர்ட்ஸ்) குறைத்ததால், ஒளியின் பண்புகளை மேசை மேலேயே இவ்வலைகளில் சோதிக்க முடிந்தது. அலைகளைத் திரட்ட இவர் அமைத்த உலோகப் புனலே இன்று கொம்பு அலைவாங்கி எனப்படுகிறது. முறுக்கிய சணல் நாரையும், தாள்களுக்கிடையே வெள்ளீயத்தகடு செருகிய இரயில் கால அட்டவணை நூலையும் கூட இவர் முனைவாக்கச் சோதனைகளில் பயன்படுத்தினார். 1897 இல் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் இவற்றை விளக்கினார்.

கொல்கத்தா நகர மண்டபச் செயல்விளக்கத்தில் அலைகள் துணை ஆளுநரின் உடலை ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்தன என்பர். இது அப்படியே கொள்ளத்தக்கதன்று. உடலில் நீர் மிகுதி. எனவே மில்லிமீட்டர் அலைகள் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டருக்குள் வெப்பமாக மாறிவிடும்.

மருத்துவத்தில்

போஸ் புற்றுநோய் மருத்துவத்தில் ஈடுபடவில்லை. ஆனால் மேற்கூறிய உட்கவர்தலே பிற்காலத்தில் நுண்ணலை வெப்பச் சிகிச்சைக்கு அடிப்படையாயிற்று. இதில் கட்டியின் வெப்பநிலை 40 முதல் 45 பாகை செல்சியஸ் வரை உயர்த்தப்படுகிறது; கதிர்வீச்சு அல்லது மருந்துச் சிகிச்சையின் பயனை இது கூட்டும். ஆழம் செல்ல நீண்ட அலைகள் வேண்டும் என்பதால் 434, 915 மெகாஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்கள் தெரிவு செய்யப்படுகின்றன. ஆனால் அலை நீண்டால் அலைவாங்கியும் பெரிதாகும், வெப்பமும் நலமான திசுக்களுக்குப் பரவும். வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல் இதுவே. தோல் புண்ணாகாதிருக்க, அலைவாங்கிக்கும் உடலுக்கும் இடையே குளிர்நீர்ப் பை வைக்கப்படுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

பிற்காலம்

காப்புரிமையை விரும்பாத போஸ், நண்பர்களின் வற்புறுத்தலால் கலீனா படிக உணர்கருவிக்கு மட்டும் 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதனால் வருவாய் தேடவில்லை. பின்னர் தாவர ஆய்வுக்குத் திரும்பி, 1917 இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வுக்கழகத்தை நிறுவினார். 1920 இல் இலண்டன் அரச கழக உறுப்பினரானார். கிரிதியில் காலமானார். இவரது நுண்ணலைக் கருவிகள் போஸ் ஆய்வுக்கழக அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.