விலைபோன மண்டையோடும் விற்காத சுவரும்

2017 மே மாதம் நியூயோர்க்கில் சொதபீஸ் நிறுவனத்தின் ஏலத்தில் ஒரு மண்டையோட்டு ஓவியம் 110.5 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. வரைந்தவர் ஜோன் மிஷெல் பாஸ்கியா. அதே ஓவியம் 1984 இல் சுமார் 20,000 டொலருக்குத்தான் போயிருந்தது. கோடும் மாறவில்லை, நிறமும் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது? இந்தக் கேள்விதான் என்னை அவரது வாழ்க்கைக்குள் கூட்டிச் சென்றது.

1960 இல் புரூக்ளினில் பிறந்தவர். தந்தை ஹெயிட்டிக்காரர். ஏழு வயதில் கார் மோதி வைத்தியசாலையில் கிடந்தபோது தாய் கொடுத்த உடற்கூற்று நூல், பின்னாளில் அவரது ஓவியங்களில் எலும்புகளாகவும் மண்டையோடுகளாகவும் வந்தது. பதின்ம வயதில் வீட்டை விட்டு வெளியேறினார். சுவர்களில் எழுதினார், தபாலட்டைகளில் படம் வரைந்து தெருவில் விற்றார். 1981 இல் ஒரு குழுக் கண்காட்சிக்குப் பிறகு வியாபாரிகள் அவரைத் தேடி வந்தார்கள். 1988 ஓகஸ்டில், 27 வயதில், அளவு மீறிய ஹெரோயின் அவரைக் கொன்றது.

இறந்தவர் இனி வரையப்போவதில்லை. ஓவியங்களை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அது இலாபமானது. மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ பங்கு கொடுக்கும் தேசியச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. ஏலத்தில் ஏறிய பணம் கைமாற்றியவர்களுக்கே போனது. இரண்டு செல்வந்தர்கள் போட்டிபோட்டால் விலை ஏறும். ஏறிய விலையையே உலகம் பெறுமதி என்று நம்பிவிடுகிறது.

1983 செப்டெம்பரில் மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற கறுப்பின இளைஞர், சுரங்க ரயில் நிலையத்தில் சுவரில் எழுதினார் என்று பொலிஸாரால் கைதுசெய்யப்பட்டார். நினைவிழந்த நிலையில் 13 நாட்கள் கிடந்து இறந்தார். வழக்கில் நிறுத்தப்பட்ட அதிகாரிகள் அனைவரும் 1985 இல் விடுவிக்கப்பட்டனர். அவர் இறந்த அந்த நாட்களில், நண்பர் கீத் ஹாரிங்கின் கலைக்கூடச் சுவரில் பாஸ்கியா ஒரு படம் வரைந்தார்: தடியோங்கும் இரண்டு பொலிஸார், நடுவே ஒரு கறுத்த நிழல். அது விற்பதற்காக வரைந்ததல்ல. ஹாரிங் அந்த இடத்தை விட்டுப் போனபோது சுவரை வெட்டியெடுத்து, தான் இறக்கும்வரை கட்டிலின் மேல் மாட்டி வைத்திருந்தார்.

பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரம் நிற்கும் தாய்மாருக்கு மத்தியில் வாழும் எனக்கு, அந்தச் சுவர்த் துண்டின் பெறுமதி விளங்குகிறது. அதற்கு ஏலம் தேவையில்லை.