ஹாலிஃபாக்ஸ் வெடிவிபத்து: ஊர்ப் பழியைச் சுமந்த பைலட் பிரான்சிஸ் மேக்கே

விமானத்துக்கு மட்டும்தான் பைலட்னு நினைக்காதீங்க. துறைமுகத்துக்கும் பைலட் உண்டு. வெளியிலிருந்து வரும் கப்பலில் ஏறி, ஆழமும் நெரிசலும் பார்த்து, பத்திரமாக உள்ளே கொண்டு சேர்ப்பது அவர் வேலை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் அந்த வேலையில் பழுத்தவர் பிரான்சிஸ் மேக்கே. 1872-இல் பிறந்த அவரது வாழ்க்கையை, 1917 டிசம்பர் 6 காலை இரண்டாகப் பிளந்தது.

போர் மாற்றிய விதிகள்

முதல் உலகப் போர் நேரம். ஐரோப்பாவுக்குக் கூட்டமாகக் கிளம்பும் கப்பல்கள், துறைமுகத்தின் உட்பகுதியான பெட்ஃபோர்ட் பேசினில் காத்திருக்கும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் நுழையாமலிருக்கத் தடுப்பு வலைகள் இருந்தன. மாலையில் மூடினால் மறுநாள் காலைதான் திறப்பார்கள். போருக்கு முன்பு வெடிமருந்துக் கப்பலை உள்ளேயே விடமாட்டார்கள். நீர்மூழ்கி பயத்தில் அந்த விதி தளர்ந்தது.

டிசம்பர் 5 மாலை மேக்கே ஏறிய பிரெஞ்சுக் கப்பல் 'மோன் பிளான்'. உள்ளே சுமார் 2,900 டன் வெடிபொருட்கள், மேல்தளத்தில் பென்சால் பீப்பாய்கள். எதிரி கண்ணில் படக்கூடாதென்று சிவப்பு எச்சரிக்கைக் கொடியும் கட்டவில்லை. சிறப்புப் பாதுகாப்பு கிடைக்குமா என்று மேக்கே கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. வலை மூடிவிட்டதால் இரவு முழுக்க வெளியே காத்திருப்பு. அதே வலையால், நிலக்கரி தாமதமாக வந்த நார்வே கப்பல் 'இமோ' உள்ளே மாட்டிக்கொண்டது.

அந்த 20 நிமிடம்

காலையில் இரண்டும் குறுகலான நீர்ப்பாதையில் எதிரெதிரே வந்தன. விதிப்படி ஒவ்வொன்றும் தன் வலப்பக்கம் போகணும். வேறு கப்பல்களுக்கு வழிவிட்ட இமோ எதிர்ப்பக்கத்தில், அதுவும் வேகமாக வந்தது. என் பக்கத்தில்தான் வருகிறேன் என்று மோன் பிளான் ஒரு விசில் கொடுத்தது. இமோவிடமிருந்து வந்தது இரண்டு விசில்: இடப்பக்கமே வருகிறேன் என்று அர்த்தம். கடைசி நேரத்தில் இரண்டுமே விலகப் பார்த்து, 8.45-க்கு மோதின. பென்சால் பற்றியது. தீயை அடக்க வழியில்லாமல் மேக்கேயும் மாலுமிகளும் படகில் கரைக்குத் தப்பினார்கள். ஜன்னலோரம் நின்று பலர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, 9.04-க்குக் கப்பல் வெடித்தது. சுமார் 2,000 பேர் இறந்தார்கள். 9,000 பேர் காயமடைந்தார்கள்.

பழி யார் மேல்?

இமோவின் கேப்டனும் பைலட்டும் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த மேக்கே மீது ஊரின் கோபம் திரும்பியது. 1918 பிப்ரவரியில் விசாரணை ஆணையம் முழுப் பழியையும் மோன் பிளான் மீது போட்டது. மரணம் விளைவித்த குற்றச்சாட்டில் மேக்கே கைதானார். ஆதாரம் போதாதென்று நீதிபதி அவரை விடுவித்தார். பிறகு 1919-இல் கனடா உச்ச நீதிமன்றமும், 1920-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் இரு கப்பல்களுக்கும் சம தவறு என்றன. அதற்குப் பிறகும் அவர் உரிமம் உடனே வரவில்லை, 1922-இல்தான் கிடைத்தது.

மேக்கே 1961-இல் காலமானார். வெடிமருந்தை உள்ளே விட விதியைத் தளர்த்தினார்கள். அது வரும்போது மற்ற கப்பல்களை நிறுத்திவைக்க மட்டும் ஏற்பாடு செய்யவில்லை. அந்த ஓட்டைக்கான விலையை ஊர் உயிராகக் கொடுத்தது. மேக்கே தன் பெயரைக் கொடுத்தார்.