படைவீரர்களோடு பள்ளத்தில் படுத்து எழுதியவர்: எர்னி பைல்



போன இதழில் மேரி கியூரி பற்றிப் படித்திருப்பீங்க. இந்த முறை என் பங்கு. நான் எழுதப்போவது எர்னி பைல் என்கிற அமெரிக்கப் பத்திரிகைக்காரரைப் பற்றி. பேர் கேட்டதே இல்லையே என்று முகம் சுளிக்காதீங்க. நானும் ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் கேட்டதில்லை. அமெரிக்காவில் 1944-ஆம் வருஷம் யாரிடம் கேட்டிருந்தாலும் இவரைத் தெரியும் என்று சொல்லியிருப்பாங்க.

பத்தாம் வகுப்பு அக்காங்க புத்தகத்தில் இரண்டாம் உலகப் போர் பாடம் இருக்கு. ஹிட்லர், சர்ச்சில், ரூஸ்வெல்ட் என்று பெரிய பேரா வருது. சண்டை போட்டவங்க பேரு ஒண்ணுகூட இல்லை. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. ஏன்னா எங்க அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அம்மா முதல்ல கேட்கிறது சாப்பிட்டியா என்றுதான். அப்புறம் என்ன சாப்பிட்டே, எங்க படுத்தே, குளிருதா என்று கேட்பாங்க. அண்ணன் எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன் என்ற ஒரே பதிலைச் சொல்லி வெச்சிடுவார். அம்மாவுக்கு அது பத்தாது. வெச்ச பிறகும் போனைக் கையிலேயே வெச்சிருப்பாங்க. எங்க டீச்சரிடம் இதைச் சொன்னப்போதான் அவங்க எர்னி பைல் கதையைச் சொன்னாங்க. அந்தக் காலத்து அமெரிக்க அம்மாக்கள் கேட்ட இதே கேள்விகளுக்குப் பதில் எழுதினவர் அவர்.

எர்னி பைல் 1900-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள் இண்டியானா மாநிலத்தில் டேனா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம், ஒரே பிள்ளை. வயல் வேலை அவருக்குச் சுத்தமாப் பிடிக்காது. (இதில் நானும் அவரும் ஒண்ணு. களை எடுக்கச் சொன்னா எனக்கு உடனே தலைவலி வரும்.) முதல் உலகப் போர் நடந்தபோது, 1918-இல், கடற்படையில் சேர்ந்தார். பயிற்சி முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது. பிறகு இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படிப்பு முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது 1923-இல் விட்டுவிட்டு ஒரு சின்னப் பத்திரிகையில் வேலைக்குப் போய்விட்டார். அங்கிருந்து வாஷிங்டன் டெய்லி நியூஸ்.

1925-இல் ஜெரி என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருஷமே ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு ஒரு ஃபோர்டு காரில் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பிட்டாங்க. 9000 மைல்! 1935-லிருந்து ஊர் ஊராகப் போய் எழுதுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. வாரத்துக்கு ஆறு கட்டுரை. தலைவர்களைப் பார்த்து எழுதவில்லை. கடைக்காரர், சுரங்கத் தொழிலாளி, தனியா மலையில் இருக்கிற கிழவர் என்று வழியில் கண்டவங்களைப் பற்றித்தான் எழுதினார்.

1940 டிசம்பரில் லண்டனுக்குப் போனார். அப்போது ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மேல் குண்டு போட்டுக்கிட்டிருந்தன. டிசம்பர் 29-ஆம் தேதி இரவு நகரம் தீப்பிடித்து எரிந்ததை ஒரு மாடியில் நின்று பார்த்து எழுதினார். அவர் லண்டனில் இருக்கும்போதே 1941 மார்ச்சில் ஊரில் அவர் அம்மா இறந்துட்டாங்க. இந்த இடத்தைப் படித்தப்போ நான் புத்தகத்தை மூடி வெச்சிட்டேன். மறுநாள்தான் திரும்ப எடுத்தேன்.

1941 டிசம்பர் 7-இல் ஜப்பான் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தைத் தாக்கியதும் அமெரிக்காவும் போரில் இறங்கியது. சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர் ராணுவத்தில் இருந்தாங்க. அப்படின்னா எத்தனை வீட்டில் அம்மா போனைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருப்பாங்க? அப்போ போன்கூடக் கிடையாது, கடிதம்தான். கப்பலில் இடம் பத்தாது என்று கடிதத்தைச் சின்னஞ்சிறு ஃபிலிமாப் படம் எடுத்து அனுப்பி, அந்தப் பக்கம் போனதும் மறுபடி காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி ஓர் அதிகாரி படித்து, இடம் பேர் எல்லாம் இருந்தால் அடித்துவிடுவார். அதனால் வீட்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் நல்லா இருக்கேன் என்பது மட்டும்தான்.

குண்டு விழாத ஊரிலும் போர் இருந்தது. 1942 மே மாதம் சர்க்கரை ரேஷன் ஆனது. நம்ம ரேஷன் கார்டு மாதிரி அவங்களுக்குக் கூப்பன் புத்தகம். அப்புறம் காப்பி, பெட்ரோல், இறைச்சி, வெண்ணெய் எல்லாம் அளவுதான். 1943-இல் செருப்பு ஷூகூட ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு மூணு ஜோடிதான் என்று ஆனது. (மூணு ஜோடியா என்று நம்ம வகுப்பில் சிரிச்சாங்க. ஆனா அவங்களுக்கு அது கஷ்டம்தான்.) 1942 பிப்ரவரியோடு மக்களுக்குக் கார் செய்வதை நிறுத்திட்டு அந்தத் தொழிற்சாலைகளில் டாங்கியும் விமானமும் செய்தாங்க. லட்சக்கணக்கான பெண்கள் முதல் முறையாகப் பட்டறை வேலைக்குப் போனாங்க. வீட்டுக் கொல்லையில் காய்கறி போட்டாங்க. பொரித்து மிஞ்சின கொழுப்பைக்கூட டப்பாவில் சேர்த்துக் கறிக்கடையில் கொடுப்பாங்களாம். அதிலிருந்து கிளிசரின் எடுத்து வெடிமருந்து செய்தாங்க. நம்ம வயசுப் பிள்ளைங்க பழைய இரும்பு பொறுக்கினாங்க, பள்ளிக்கூடத்தில் 10 சென்ட் ஸ்டாம்பு வாங்கிப் போர்ப் பத்திரத்துக்குச் சேர்த்தாங்க.

மகன் ராணுவத்தில் இருக்கும் வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரம் போட்ட ஒரு துணி தொங்கும். அவன் இறந்துவிட்டால் நட்சத்திரம் தங்க நிறமாக மாறும். தெருவில் தந்திக்காரர் வந்தாலே எல்லா வீட்டிலும் மூச்சு நின்றுவிடும். யார் வீட்டு வாசலில் நிற்கப்போகிறார் என்று தெரியாதே.

இன்னொன்றும் சொல்லணும், அழகா இருக்கிறதை மட்டும் எழுதினால் அது பொய். 1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சத்தில் வந்த சுமார் 1,20,000 பேரை வீடு கடையெல்லாம் விடச்சொல்லி முள்வேலி முகாம்களில் அடைத்தது. அதில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்தான். ஒரு தப்பும் செய்யாதவங்க. அந்த முகாம்களிலிருந்தும் இளைஞர்கள் ராணுவத்தில் சேர்ந்து இத்தாலியில் போய்ச் சண்டை போட்டாங்க. கறுப்பின வீரர்களையோ தனிப் படையாகப் பிரித்தே வெச்சிருந்தாங்க. ஒரே நாட்டுக்காகச் சண்டை, ஆனா ஒண்ணாச் சாப்பிடக்கூடாது. இது எனக்குப் புரியவே இல்லை.

சரி, எர்னிக்கு வர்றேன். 1942 நவம்பரில் அவர் வட ஆப்பிரிக்காவுக்குப் போனார். வயசு 42. ஒல்லியான உடம்பு, தலை வழுக்கை, அடிக்கடி சளி. தளபதிகள் கூடாரத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்த்து எழுதுகிற நிருபர்கள் நிறைய இருந்தாங்க. இவர் காலாட்படையோடு போய்ப் பள்ளம் தோண்டிப் படுத்தார். அவங்க டப்பாச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார். அவங்க எப்படித் துணி துவைக்கிறாங்க, எத்தனை நாள் குளிக்கல, ஷூவுக்குள் கால் எப்படி இருக்கு என்றெல்லாம் எழுதினார். ஒவ்வொரு வீரனுக்கும் பேர் போட்டு, ஊர் போட்டு, சில நேரம் தெருப் பேரும் வீட்டு எண்ணும் போட்டு எழுதினார். அந்தத் தெருவில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க! சுமார் 400 நாளிதழ்களிலும் 300 வார இதழ்களிலும் அவர் எழுதினது வந்தது. தன் பிள்ளை பேர் வராவிட்டாலும் அம்மாக்கள் படித்தாங்க. இன்னொருத்தி பிள்ளை சேற்றில் எப்படித் தூங்கினான் என்று தெரிந்தால் தன் பிள்ளையும் அப்படித்தான் என்று தெரிந்துவிடும் இல்லையா.

அவர் எழுதியதிலேயே ரொம்பப் பேர் படித்தது இத்தாலியில் இறந்த ஹென்றி வாஸ்கோ என்ற கேப்டனைப் பற்றியது. டெக்சாஸ்காரர், வயசு 25. 1943 டிசம்பரில் சான் பியத்ரோ என்ற ஊர்ப் பக்கம் மலைச் சண்டையில் இறந்தார். அந்த மலையில் வண்டி ஏறாது. இறந்தவங்களைக் கோவேறு கழுதை மேல் குறுக்கே போட்டு ராத்திரி நிலா வெளிச்சத்தில் இறக்கிக்கிட்டு வந்தாங்க. கேப்டனை இறக்கி ஒரு கல்சுவர் ஓரம் கிடத்தினதும், களைத்துப்போன வீரர்கள் ஒவ்வொருத்தரா வந்து நின்றாங்க. ஒருவன் கோபமாத் திட்டினான், ஒருவன் மன்னிப்புக் கேட்டான். ஒருவன் உட்கார்ந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் சட்டைக் காலரை மெதுவாச் சரிசெய்து, காயம் இருந்த இடத்தில் கிழிந்த துணியை ஒழுங்குபடுத்திவிட்டு எழுந்து போனான். அவ்வளவுதான் கட்டுரை. வீரம் தியாகம் என்ற பெரிய பேச்சு எதுவும் அதில் கிடையாது. 1944 ஜனவரியில் வாஷிங்டன் டெய்லி நியூஸ் முதல் பக்கம் முழுவதும் இதை மட்டுமே போட்டது.

விமானத்தில் பறக்கிறவங்களுக்குக் கூடுதல் சம்பளம் இருக்கும்போது தரையில் சண்டை போடுகிறவனுக்கு ஏன் இல்லை என்றும் அவர் எழுதிக் கேட்டார். 1944-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் போட்டது. ஜனங்க அதற்கு எர்னி பைல் சட்டம் என்றே பேர் வெச்சாங்க. அந்த வருஷம்தான் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

1944 ஜூன் 6-இல் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் படைகள் இறங்கின. எர்னி மறுநாள் இறங்கினார். அன்றைக்கு அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடற்கரையில் நடந்துபோய், இறந்தவங்க பையிலிருந்து சிதறிக் கிடந்த பொருளையெல்லாம் எழுதினார். சாக்ஸ், பல் துலக்கும் பிரஷ், பைபிள், குடும்பப் படம், கடிதம் எழுத வெச்சிருந்த வெள்ளைத் தாள். யாரோ ஒரு டென்னிஸ் மட்டைகூடக் கொண்டுவந்திருக்கான். எஜமானைத் தேடி ஒரு நாய் கரையில் அலைந்துகொண்டிருந்ததாம். எத்தனை பேர் இறந்தாங்க என்று எண்ணிக்கை சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். அந்த எழுதாத தாள் மறக்கவில்லை.

ஜூலை 25-இல் சான் லோ அருகே அமெரிக்க விமானங்களே தவறிப்போய்த் தங்கள் படை மேல் குண்டு போட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. எர்னியும் அந்தக் குண்டுகளுக்கு அடியில்தான் இருந்தார். உயிர் தப்பினார். ஆனால் மனசு ஒடிந்துபோச்சு. ஆகஸ்டில் பாரிஸ் விடுதலையானதும், இனி ஒரு பிணத்தைப் பார்த்தாலும் தாங்காது என்கிற நிலையில் ஊருக்குத் திரும்பிட்டார்.

இங்கேதான் எனக்கும் அவருக்கும் சண்டை. ஆல்புகர்க்கி என்ற ஊரில் சின்ன வீடு கட்டியிருந்தாங்க. ஜெரிக்கு மனச்சோர்வு நோய், குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1942-இல் விவாகரத்து ஆகி, 1943-இல் அவர் ஆப்பிரிக்காவில் இருக்கும்போதே ஆள் வைத்து மறுபடி கல்யாணம் நடந்தது. எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர் தன் வீட்டில் இருந்திருக்கலாமே என்று எனக்குக் கோபம். ஆனால் வீரர்கள் இன்னும் அங்கே இருக்கும்போது தான் மட்டும் வீட்டில் இருப்பது அவருக்கு முடியவில்லை. 1945 ஜனவரியில் பசிபிக் போர்முனைக்குக் கிளம்பிட்டார். போக விருப்பமே இல்லாமல் போனார்.

1945 ஏப்ரல் 18. ஒகினாவாவை ஒட்டிய இயெ ஷிமா என்ற குட்டித் தீவு. ஜீப்பில் போகும்போது ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி சுட்டது. எல்லாரும் பள்ளத்தில் குதித்தாங்க. கூட வந்தவங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்க்கத் தலையைத் தூக்கினார். குண்டு நெற்றிப்பொட்டில் பாய்ந்தது. வயசு 44. தலைக்கவசத்தோடவே, மற்ற வீரர்களோடு வரிசையில் அவரையும் புதைத்தாங்க. சட்டைப் பையில் ஒரு கட்டுரை எழுதி வெச்சிருந்தார். ஐரோப்பாவில் போர் முடிந்ததும் அச்சிடுவதற்காக. வெற்றியைக் கொண்டாடும்போது செத்தவங்களை மறந்துடக்கூடாது என்பதுதான் அதில் இருந்தது. அதற்கு 20 நாள் கழித்து ஐரோப்பாவில் போர் முடிந்தது.

ஜெரி அதே வருஷம் நவம்பரில் இறந்துட்டாங்க. அந்த வீடு 1948-இல் நூலகமானது. எர்னியின் கல்லறை இப்போது ஹவாய் மாநிலத்தில் ஹோனலூலு நகரில் இருக்கு.

இதை எழுதி முடிச்சு ராத்திரி அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். வாஸ்கோ வந்த இடத்தில் அரிசி புடைக்கிறதை நிறுத்திட்டாங்க. முடிச்சதும் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், அந்தக் காலரைச் சரிசெய்த பையன் ஊருக்குத் திரும்பி வந்தானா என்று கேட்டாங்க. அவன் பேரையே எர்னி எழுதவில்லை என்று சொன்னேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தப்போ நான்தான் முதல்ல வாங்கினேன். நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை. ராத்திரி எத்தனை கம்பளி போர்த்திக்கிறே, எதுமேல படுக்கிறே, பக்கத்துக் கட்டிலில் யாரு, அவங்க எந்த ஊரு என்று கேட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொல்ல ஆரம்பிச்சார். அம்மா ஸ்பீக்கரில் போடச் சொன்னாங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி
(சார்ட்டில் இடம் பத்தாததால் படம் வரைய முடியவில்லை. மன்னிக்கவும்.)