பிரித்துப் பூட்டிக் கற்ற மேதை

கோவை அருகே கலங்கலில் 1893-ல் பிறந்தார் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். ஆசை பற்றிக்கொண்டது! கோவை ஓட்டலில் சர்வராக உழைத்துப் பணம் சேர்த்தார். மோட்டார் சைக்கிளை வாங்கினார். அக்கக்காகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார்.

இது லேசான காரியமா? எஞ்சினைப் பூட்டும்போது பல்சக்கரங்களின் அடையாளப் புள்ளிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் வால்வு நேரம் தவறித் திறக்கும், எஞ்சின் திணறும். தொண்டிக் கடலில் ஓடும் விசைப்படகுக்கும் இதே விதிதான்.

கை கற்ற பாடம் அவரை மெக்கானிக் ஆக்கியது. 1920-ல் ஒரே பஸ்ஸுடன் பொள்ளாச்சி–பழனி பாதையில் தொழில் தொடங்கினார். பஸ்கள் பெருகின. பள்ளியை வெறுத்த அவரே, 1945-ல் கோவையில் தொழிற்கல்விக் கூடம் தோன்ற வழி செய்தார். 1974-ல் மறைந்தார்.