ரேமைத் தானே அளந்த ஓஎஸ்: கேரி கில்டாலின் கதை

புது லேப்டாப்ல லினக்ஸ் போடும்போது வைஃபை கார்டு எந்த மாடல், டச்பேட் எந்த கம்பெனி என்றெல்லாம் நம்மை யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு டிவைஸின் ஐடியும் படிக்கப்பட்டு, அதற்கான டிரைவர் தானாகவே லோட் ஆகிவிடும். போன செமஸ்டர்ல நானே ஒரு கெர்னல் கம்பைல் பண்ணிப் பார்த்தேன். லோக்கல்மாட்கான்ஃபிக் என்று ஒரு வசதி இருக்கு. அந்த நேரத்தில் லோட் ஆகியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழற்றிவிடும். அன்னைக்கு நான் பென் டிரைவ் செருகவில்லை. புது கெர்னலில் பென் டிரைவே வேலை செய்யல! முழுக்க என் தப்புதான்.

இதெல்லாம் இல்லாத காலத்தில் என்னதான் பண்ணியிருப்பாங்க என்று தேடியபோது கிடைத்த பெயர்தான் கேரி கில்டால்.

1942 மே 19 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். அவர் குடும்பம் கப்பல் மாலுமிகளுக்கான பள்ளி ஒன்றை நடத்தியது. பள்ளிப் படிப்பை முடித்ததும் கில்டாலும் அங்கே பாடம் எடுத்தார். பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1972ல் கம்ப்யூட்டர் சயின்ஸில் பிஎச்டி முடித்தார். கம்பைலர் டிசைன் பேப்பரில் டேட்டா ஃப்ளோ அனாலிசிஸ் படித்து நொந்தவர்களுக்கு ஒரு தகவல்: அதற்கு அடித்தளம் போட்டவர்களில் இவரும் ஒருவர்.

கலிஃபோர்னியாவில் மான்டெரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோதுதான் இன்டெல்லின் 4004 சிப் வெளிவந்தது. அந்தச் சின்னச் சிப்பில் முழு கம்ப்யூட்டரின் எதிர்காலத்தைப் பார்த்தார் கில்டால். இன்டெல்லுக்கு ஆலோசகராகி, பிஎல்/எம் என்ற மொழியை உருவாக்கிக் கொடுத்தார். 1974ல் ஒரு ஃப்ளாப்பி டிரைவை மைக்ரோகம்ப்யூட்டரோடு இணைத்து, அதற்காக எழுதிய ஓஎஸ்தான் சிபி/எம். இன்டெல் அதில் ஆர்வம் காட்டவில்லை. கில்டாலும் மனைவி டாரதியும் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கி அதை விற்றார்கள்.

பிரச்சனை அங்கேதான் ஆரம்பித்தது. அன்றைக்கு ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு மாதிரி. டிஸ்க் கன்ட்ரோலர் வேறு, டெர்மினல் வேறு. புது மெஷின் வரும்போதெல்லாம் ஓஎஸ்ஸைத் திறந்து உள்ளே கை வைக்கணும். இம்சாய் கம்பெனி தன் மெஷினுக்கு சிபி/எம் கேட்டு வந்தபோது கில்டால் வேறு வழி யோசித்தார். ஹார்டுவேரை நேரடியாகத் தொடும் கோடை எல்லாம் பிரித்து ஒரே சின்னப் பகுதிக்குள் வைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் பயாஸ். ஆமா, நம்ம பிசியில் நாம் கேட்டுப் பழகிய அதே பெயர்தான்! மெஷின் மாறினால் பயாஸை மட்டும் மாற்றி எழுதினால் போதும். மீதி ஓஎஸ்ஸைத் தொடவே வேண்டாம்.

ஆனா பயாஸை ஆள் உட்கார்ந்துதான் எழுதணும். தானாக நடந்தது இன்னொன்று. சிபி/எம் மெமரியின் மேல் முனையில் உட்காரும், புரோகிராம்கள் கீழே இருக்கும். ஒருத்தர் மெஷினில் 20 கே ரேம், இன்னொருத்தர் மெஷினில் 64 கே. புதுசா ரேம் கார்டு வாங்கிப் போட்டால் ஓஎஸ் மேலே நகரணும், அதற்குள் இருக்கும் முகவரிகள் எல்லாம் மாறணும். இதற்காகவே மூவ்சிபிஎம் என்ற புரோகிராம் கூடவே வந்தது. அளவைச் சொல்லாமல் ஓடவிட்டால், ரேம் தொடர்ச்சியாக எதுவரை இருக்கிறது என்று தானே ஸ்கேன் செய்து, அந்த அளவுக்கு ஓஎஸ்ஸை இடம் மாற்றிவிடும். இருக்கிற ஹார்டுவேரைப் பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்ளும் ஓஎஸ், 1970களிலேயே!

1980களின் தொடக்கத்தில் சுமார் 3000 வகைக் கம்ப்யூட்டர்களில் சிபி/எம் ஓடியது.

1980ல் ஐபிஎம் ஆட்கள் வந்தார்கள். அன்று கில்டால் ஜாலியாக விமானம் ஓட்டப் போனதால் வாய்ப்பு கை நழுவியது என்று இன்றும் ஒரு கதை சுற்றுகிறது. உண்மையில் அவர் தன் விமானத்தில் போனது வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்க. வியாபாரப் பேச்சை வழக்கம்போல டாரதி கவனித்தார். ஐபிஎம் நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. பேச்சு இழுபட்டது. ஐபிஎம் மைக்ரோசாஃப்டிடம் போனது. மைக்ரோசாஃப்ட், டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸை வாங்கிக் கொடுத்தது. அதன் சிஸ்டம் கால்கள் சிபி/எம் மாதிரியிலேயே அமைந்தவை. கில்டால் எதிர்ப்புத் தெரிவித்ததும், சிபி/எம்-86ஐயும் விற்க ஐபிஎம் ஒத்துக்கொண்டது. ஆனால் கடையில் பிசி டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். அப்புறம் என்ன நடந்திருக்கும்னு சொல்லவே வேண்டாம்.

1991ல் டிஜிட்டல் ரிசர்ச்சை நாவெல் வாங்கியது. பணத்துக்குக் குறைவில்லை. மனசுதான் ஆறவில்லை. 1992ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை 25ஆம் ஆண்டு விழா நடத்தியது. அங்கேயே பிஎச்டி வாங்கிய கில்டாலுக்குப் பார்வையாளர் வரிசை, ஹார்வர்டில் படிப்பைப் பாதியில் விட்ட பில் கேட்ஸுக்குச் சிறப்புரை. அந்தக் காயத்தில்தான் தன் நினைவுகளை எழுதத் தொடங்கினார். நண்பர்களுக்கு மட்டும் கொடுத்த அந்தக் கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதி 2016ல்தான் வெளியே வந்தது.

அதைப் பார்க்க அவர் இல்லை. தலையில் ஏற்பட்ட காயத்தால் 1994 ஜூலை 11 அன்று இறந்தார். வயது 52. 2014ல் பசிஃபிக் குரோவில், அவர் கம்பெனி இருந்த கட்டிடத்தின் முன்னால் ஐஇஇஇ ஒரு நினைவுப் பலகை பதித்தது.

அடுத்த முறை யாராவது விமானக் கதையைச் சொன்னால், மூவ்சிபிஎம் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க. நான் போய் என் பென் டிரைவைச் செருகிட்டு, கெர்னலை மறுபடியும் கம்பைல் பண்றேன்.