காந்தியிடமே கணக்குக் கேட்டவர்!

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இன்று செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி விற்கும் கடைகள் இருக்கின்றன. சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பே இவற்றுக்காகப் பாடுபட்டார் ஒரு தமிழர். அவர்தான் ஜே.சி.குமரப்பா.

தஞ்சாவூரில் 1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை கற்றார். பம்பாயில் தொழில் நடத்தினார். நல்ல வருமானம். நடை, உடை எல்லாம் வெள்ளைக்காரர் மாதிரி!

1927-ல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். இந்தியா ஏன் ஏழையாயிற்று என்று அங்கே ஆராய்ந்தார். மக்கள் கட்டிய வரிப்பணம் எங்கே போயிற்று என்று கணக்குப் பார்த்தார். அந்தக் கணக்கு அவரையே மாற்றிவிட்டது.

கதர் உடுத்தினார்

1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். அதன்பின் கோட்டு போயிற்று, கதர் வந்தது. குமரப்பா என்ற குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார். குஜராத் கிராமங்களுக்குச் சென்று, குடியானவர்களின் வரவு செலவை நேரில் விசாரித்து எழுதினார்.

1934 ஜனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கு குமரப்பா கையில் இருந்தது. காந்தியும் உடன் வந்தவர்களும் அங்கே வந்தார்கள். அவர்கள் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார் குமரப்பா! காந்தி கோபிக்கவில்லை. ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்தது. குமரப்பா அதன் செயலாளர். வார்தாவில் எளிமையாக வாழ்ந்தார். தீட்டாத அரிசியும் செக்கு எண்ணெயும் ஊருக்குச் சொன்ன உபதேசம் மட்டும் அல்ல. அங்கே அன்றாடச் சாப்பாடு. மண்ணெண்ணெய் வேண்டாம் என்று சொன்னால் போதுமா? வேறு விளக்கு வேண்டாமா? தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் அங்கே உருவாயிற்று.

சிறையில் பிறந்த நூல்

சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றிச் சிறையிலேயே நூல் எழுதினார். நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கத் தீரும். தீரும் பொருளுக்காக நாடுகள் சண்டையிடும் என்று எச்சரித்தார். 1945-ல் நூல் வெளிவந்தது. உலகம் இன்று அதைத்தான் பேசுகிறது.

கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் கழித்தார். குடிசையில் 2 படங்கள். ஒன்று காந்தி. மற்றது ஓர் ஏழைக் குடியானவன். காந்தி தம் குரு என்பார். குடியானவன் குருவுக்கும் குரு என்பார்.

1960 ஜனவரி 30-ந் தேதி சென்னையில் காலமானார். காந்தி மறைந்ததும் ஒரு ஜனவரி 30-ந் தேதிதான்!