கலைவாணர்: யாரையும் அழவைக்காமல் சிரிக்கவைத்தவர்

நம்மில் பலருக்கு என்.எஸ். கிருஷ்ணன் என்பது தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட பெயர். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், அதில் ஒருத்தர், பக்கத்தில் ஒரு அம்மா, ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பாடுவார்கள். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். நான் மூன்றாம் ஆண்டு இஞ்சினியரிங் படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழக இந்து மன்றத்தின் கலை இரவுக்கு நகைச்சுவை நாடகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. காமெடியை எப்படித்தான் எழுதுவது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு இருப்பவர்களிடம் ஆரம்பித்த தேடல், 1957-லேயே இறந்துபோன இந்த மனிதரிடம் வந்து நின்றது. அவருடைய வாழ்க்கையை என் பாணியில் சொல்கிறேன். கேளுங்கள்.

சுடலையும் இசக்கியும்

1908 நவம்பர் 29-ஆம் தேதி நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் மன்னராட்சிப் பகுதி. அப்பா பெயரில் சுடலை, அம்மா பெயர் இசக்கி. ரெண்டுமே அந்த ஊர்க் காவல் தெய்வங்களின் பெயர்கள். சுடலை மாடன் கதையையும் இசக்கியம்மன் கதையையும் கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டாகப் பாடுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

வீட்டில் வறுமை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் சோடா விற்றார். நாம் பள்ளி விடுமுறையில் மினி மார்க்கெட்டில் வேலைக்குப் போகிறோமே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், அவருக்குத் திரும்பிப் போகப் பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் கொட்டகைதான் அவருக்குப் பள்ளிக்கூடம் ஆனது என்று நான் நினைக்கிறேன். சோடா விற்கிற பையன் மேடையைப் பார்ப்பதைவிட ஜனங்களைத்தான் அதிகம் பார்ப்பான். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விட்டு சோடா கேட்கிறார்கள் என்று அவனுக்குத்தான் தெரியும்.

வில்லுப்பாட்டிலும் அவருக்குப் பழக்கம் உண்டு. நம்ம கோயில் திருவிழாக்களில் வில்லுப்பாட்டு பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். நடுவில் புலவர் கதை சொல்வார். பக்கத்தில் இருப்பவர் வெறுமனே ஆமாம் போட மாட்டார். சந்தேகம் கேட்பார், குறுக்கே பேசுவார், தப்பாகப் புரிந்துகொள்வார். அந்தத் தப்பைத் திருத்தும்போதுதான் சிரிப்பு வரும், கதையும் நகரும். என்.எஸ்.கே.யின் காமெடி முழுவதற்கும் அஸ்திவாரம் இந்தக் கேள்வி பதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தக் கால பாய்ஸ் கம்பெனி என்றால் சும்மா இல்லை. பாட்டு, வசனம், ஆட்டம், எல்லாம் சின்ன வயசிலேயே உடம்பில் ஏற்றிவிடுவார்கள். சிரிக்க வைக்கிறவனுக்கு இந்தப் பயிற்சி எல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். பதில் கொஞ்சம் பின்னால் வருகிறது.

படத்துக்குள் ஒரு படம்

சினிமாவில் அவருக்கு முக்கியமான தொடக்கம் 1936-இல் வந்த சதி லீலாவதி. எஸ்.எஸ். வாசனின் கதை, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். குடியால் சீரழிந்த கதாநாயகன் இலங்கைக்கு ஓடி, தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்வதாகக் கதை போகும். தோட்டப்புறத்திலிருந்து வந்த நம்ம குடும்பங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை.

அவர் கொண்டுவந்த முறை இதுதான். தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே யோசித்து, தன் குழுவை வைத்துத் தனியாக அமைப்பார். படத்தின் பெரிய கதை ஒரு பக்கம் ஓடும். இவருடைய சின்னக் கதை அதுபாட்டுக்கு இன்னொரு பக்கம் ஓடும். அதற்கும் ஒரு தொடக்கம், ஒரு சிக்கல், ஒரு முடிவு உண்டு. இஞ்சினியரிங் பாஷையில் சொன்னால் அது ஒரு தனி மாட்யூல். எந்தப் படத்தில் பொருத்தினாலும் வேலை செய்யும். புளிமூட்டை ராமசாமி, காகா ராதாகிருஷ்ணன் என்று அவரோடு நடித்தவர்கள் பலர். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

அந்தக் குழுவின் மறு பாதி டி.ஏ. மதுரம். வசந்தசேனா படப்பிடிப்புக்காகப் புனே போனபோது பழக்கம் ஏற்பட்டு, திருமணம் செய்துகொண்டார்கள். ஊரில் தனக்கு ஏற்கெனவே மனைவி இருப்பதை என்.எஸ்.கே. மதுரத்திடம் மறைத்துவிட்டார். உண்மை பிறகுதான் மதுரத்துக்குத் தெரிந்தது. பெரிய மனிதர் என்பதற்காக இதை நான் விட்டுவிட்டு எழுத விரும்பவில்லை.

ஆனால் திரையில் அவர்கள் செய்ததைப் பாருங்கள். பல படங்களில் புருஷன் வாய்கிழிய அளப்பான், மனைவி ஒரே கேள்வியில் மடக்குவாள். அசடு வழிவது பெரும்பாலும் அவர்தான். கதை அவருடையது, குழு அவருடையது, பெயரும் அவருக்குத்தான். ஆனால் ஜெயிக்கிற வசனத்தை மதுரத்துக்குக் கொடுப்பார். வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பவரின் இடத்தில் இப்போது ஒரு பெண். 1930-களில், 40-களில் இது சின்ன விஷயம் இல்லைங்க.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

இங்கே நம்ம கதைக்குக் கொஞ்சம் வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவர் நிகழ்ச்சியில் லைட் போர்டு பார்க்கும் பொறுப்பு எனக்கு. மேடையில் ஒரு காமெடி. கறுப்பான பெண்ணைப் பெண் பார்க்கப் போகிறார்கள், கரண்ட் போய்விட்டது, பெண்ணைக் காணோம். அதுதான் ஜோக். மண்டபமே சிரித்தது. லைட் போர்டு உயரத்தில் இருப்பதால் முகங்கள் எல்லாம் தெரியும். மூன்றாவது வரிசையில் ஒரு தங்கச்சியும் சிரித்தாள். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அந்தத் திரும்பிப் பார்த்தல் எனக்கு மறக்கவில்லை.

நிறம், குண்டு, திக்குவாய், குடிகார அப்பா. நம்ம மேடைகளில் திரும்பத் திரும்ப வருவது இவைதானே? இவை சுலபம். எழுதவே வேண்டாம், ஆளை நிறுத்தினால் போதும். என்.எஸ்.கே. தேர்ந்தெடுத்தது கஷ்டமான வழி. அதற்குச் சரியான சாட்சி 1949-இல் வந்த நல்லதம்பி. அண்ணாதுரை எழுதிய படம். மதுவிலக்கைப் பேசும் அந்தப் படத்துக்குள் கிந்தனார் கதாகாலட்சேபம் என்று ஒன்று வரும்.

நந்தனார் கதை நமக்குத் தெரியும். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, சிதம்பரம் போய் நடராஜரைத் தரிசிக்க ஏங்கிய அடியார். கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனைகளாகப் பாடியிருக்கிறார். என்.எஸ்.கே. அதே வடிவத்தை எடுத்துக்கொண்டார். நந்தனார் இடத்தில் கிந்தன். அவன் ஏங்குவது பட்டணத்துக்குப் போய்ப் படிக்க. ரயில் ஏறிப் போகிறான், படிக்கிறான், கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான்.

இதில் சிரிப்பு எங்கே? பாகவதர் மாதிரியே நின்று, அதே ராக பாவத்தோடு, ரயிலையும் பள்ளிக்கூடத்தையும் பாடுவதில் இருக்கிறது. பாய்ஸ் கம்பெனிப் பயிற்சி எதுக்கு என்று கேட்டேனே, இதுக்குத்தான். காலட்சேபத்தைக் கேலியாகச் செய்ய வேண்டுமென்றால் முதலில் காலட்சேபம் ஒழுங்காகச் செய்யத் தெரிய வேண்டும். ஸ்ருதி விலகினால் ஜனங்கள் ஆளைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஸ்ருதி சேர்ந்தால்தான் விஷயத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இன்னொன்று கவனியுங்கள். கிந்தன் ஏழை, தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன். ஆனால் ஜோக் அவன் மேல் இல்லை. அவனை ஒதுக்கிய ஊர் மேல் இருக்கிறது. என்.எஸ்.கே. பகுத்தறிவு பேசியவர், அண்ணாதுரைக்கு நெருங்கிய நண்பர். நம் அமைப்பில் சிலருக்கு அவருடைய எல்லாக் கருத்தும் ஒத்து வராது. பரவாயில்லை. ஆனால் நந்தனாரை அறுபத்து மூவரில் ஒருவராக வணங்குகிற நமக்கு, கிந்தனைப் பார்த்துக் கோபம் வர நியாயமில்லை. கோயில் வாசலில் நந்தனார் நின்ற அதே நிலையில்தான் பள்ளிக்கூட வாசலில் கிந்தன் நிற்கிறான்.

சிறையும் திரும்பி வந்ததும்

எனக்குக் காலவரிசை கொஞ்சம் முன்னே பின்னே போய்விட்டது. நல்லதம்பிக்கு முன்னால் ஒரு பெரிய இடி விழுந்தது. 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்துபோனார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதி விற்ற மஞ்சள் பத்திரிகை அவருடையது. இந்தக் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைதானார்கள். தமிழ்நாட்டின் முதல் சூப்பர் ஸ்டாரும், முதல் காமெடி ஸ்டாரும் ஒரே வழக்கில்! ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் செய்த அப்பீலும் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரிக்கும்படி திரும்பி வந்தது. கடைசியில் 1947-இல் ரெண்டு பேரும் விடுதலை ஆனார்கள். போன வருஷங்கள் போனதுதான்.

அந்த நேரத்தில் வீட்டையும் வழக்கையும் தாங்கியவர் மதுரம். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. பெயரிலேயே நாடக மன்றம் நடத்தினார். அவர்கள் மேடையேற்றிய பைத்தியக்காரன் நாடகம் 1947-இல் படமாகவும் வந்தது. விடுதலையாகி வந்த என்.எஸ்.கே.யும் அதில் நடித்தார். திரையில் மதுரத்துக்கு ஜெயிக்கிற வசனத்தைக் கொடுத்தார் என்றேன். நிஜ வாழ்க்கையில் அந்த வசனத்தை மதுரம் தானாகவே பேசிக் காட்டிவிட்டார்.

சிறைக்குப் பிறகு பாகவதரால் பழைய இடத்துக்கு வர முடியவில்லை. என்.எஸ்.கே. வந்தார். ஏன்? என் யோசனை இது. கதாநாயகனுக்கு ஒரு பிம்பம் இருக்கிறது, அது உடைந்தால் ஒட்டாது. கோமாளி முதல் நாளிலிருந்தே தன்னைத் தாழ்த்திக்கொண்டவன். அவனிடம் உடைவதற்கு என்ன இருக்கிறது? இன்னொன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு நடந்த பிறகு அவருடைய சிரிப்பு கசந்து போயிருந்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்ததுதான் கிந்தனார். யாரையும் பழி வாங்காத காமெடி.

பிறகு மணமகள், பணம் ஆகிய படங்களை இயக்கினார். 1951-இல் சோவியத் நாட்டுக்குப் போன இந்தியத் திரைக் குழுவில் ஒருவராகப் போய்வந்தார். ஊரில் காந்திக்கு நினைவுத்தூண் எழுப்பினார். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார், கொடுத்துக் கொடுத்தே கையில் இருந்தது கரைந்தது. 1957 ஆகஸ்ட் 30-இல் இறந்தபோது வயது 48, இன்னும் மூன்று மாதத்தில் 49. சென்னை தியாகராய நகரில் அவருக்குச் சிலை உண்டு. 1969 ஜனவரியில் அதைத் திறந்துவைத்தவர் அப்போது முதலமைச்சராக இருந்த அண்ணா. உடம்புக்கு மிகவும் முடியாத நிலையிலும் வந்து திறந்தார். அடுத்த சில வாரங்களில் அவரும் காலமானார்.

நமக்கு என்ன?

இந்த வருஷம் எங்கள் குழுவில் நாலு விஷயங்களை எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒன்று, ஜோக்கில் அடி வாங்குகிற ஆள் எழுதினவராகவோ, அதிகாரத்தில் இருப்பவராகவோ இருக்க வேண்டும். ரெண்டு, நல்ல வசனத்தைக் கூட நடிப்பவருக்குக் கொடு. மூணு, எந்தக் கலையைக் கேலி செய்கிறாயோ, அதை முதலில் கற்றுக்கொள். நாலு, அரங்கேற்றத்துக்கு முன் பத்துப் பேருக்கு நடித்துக் காட்டு, ஆனால் மேடையைப் பார்க்காதே, அவர்கள் முகத்தைப் பார்.

நாலாவதுதான் கஷ்டம். முதல் ஒத்திகையிலேயே எங்கள் நாடகத்தில் பாதி வெட்டுப்பட்டது. மிச்சம் இருப்பது பன்னிரண்டு நிமிஷம். தீபாவளிக்கு முன்னால் அதை இருபது நிமிஷம் ஆக்க வேண்டும். வில்லுப்பாட்டு அடிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் வட்டாரத்தில் யாராவது இருந்தால், தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். குடம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.